எங்கள் விறகை ‘இதர’ என்று எழுதாதீர்கள்: தோட்டத் தொழிலாளர் ஊதியக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தோட்டத் தொழிலாளர்களின் குறைந்தபட்ச ஊதியத்தைப் பரிந்துரைக்கும் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

குன்னூர் வட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் செக்ரோல் எழுதிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து நிறுத்தார், முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, எல்லாம் போக மாதக் கடைசியில் கைக்கு எவ்வளவு என்று கட்டம் போட்ட நீளப் பேரேட்டில் எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. அந்தப் பேரேட்டில் பெயர் இருந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர். 1964-ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். கூலியை எழுதிய கையும் அந்தக் கூலியைக் கொண்டுபோய் அரிசி வாங்கிய கையும் ஒரே வீட்டில் இருந்ததால், நீங்கள் எடுத்துக்கொள்ளப் போகும் கேள்வியைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நம்புகிறேன்.

ஒரு மனிதருக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதே அந்தக் கேள்வி. உங்கள் கோப்புகளில் அது விலைவாசிப் புள்ளி, அகவிலைப்படி, நாட்கூலி என்று பல பெயர்களில் வரும். நீங்கள் எழுதும் விடையைப் பொறுத்துத்தான் இங்கே தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீடு ஒன்றில் அடுப்பு எத்தனை நாழிகை எரியலாம், அந்த வீட்டுப் பிள்ளை எந்த வகுப்புவரை படிக்கலாம் என்பதெல்லாம் முடிவாகின்றன.

இந்தக் கேள்விக்கும் எங்கள் ஊருக்கும் பழைய உறவு உண்டு. குன்னூரில் சிம்ஸ் பூங்காவின் அருகே உள்ள பாஸ்டர் ஆய்வகத்தை வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்காக நாடே அறியும். அங்கே 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியை ஒற்றை அறையில் தொடங்கினார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து அவர் சோதித்தார். கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்கு வளர்ந்தன, சென்னை மாகாணத்து ஏழை வீட்டு அரிசிச் சோற்றைத் தின்றவை மெலிந்து கிடந்தன. அந்த ஒற்றை அறைதான் 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1935 முதல் அதன் இயக்குநராக இருந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். நம் நாட்டு உணவுப் பொருட்களில் எதில் எவ்வளவு சத்து என்ற அட்டவணை அவர் காலத்தில், 1937-இல் வெளிவந்தது. பின்னர் 1958-இல் அக்கூடம் ஐதராபாத்துக்குப் போய்விட்டது; இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று அழைக்கப்படுவது அதுவே.

இவற்றை நான் ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கூடம் ஐதராபாத்துக்குப் போவதற்கு முந்தைய ஆண்டில், 1957 ஜூலையில், 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடி, குறைந்தபட்ச ஊதியம் தேவையின் அடிப்படையில் அமைய வேண்டும் என்று தீர்மானித்தபோது, அய்க்ராய்ட் வகுத்த அளவைத்தான் எடுத்துக்கொண்டது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அரசுத் தொழிலாளர் குடியிருப்பின் அளவில் வீட்டு வாடகை. எரிபொருள், விளக்கு, இதரச் செலவுகள் எல்லாம் சேர்த்து மொத்த ஊதியத்தில் 20 விழுக்காடு. மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட ஊதிய வரைவு விதிகளிலும் இதே எலும்புக்கூடுதான் நிற்கிறது. 72 கெஜம் 66 மீட்டர் ஆகியிருக்கிறது, அதாவது துணி ஒரு முழம்கூடக் கூடவில்லை.

இந்தக் கணக்கை வகுத்தவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. முதலாளி எவ்வளவு கொடுக்க மனம் வைப்பார் என்பதிலிருந்து தொடங்காமல், உழைப்பவரின் வயிற்றுக்கு எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினார்களே, அது பெரிய காரியம். எனினும் அக்கணக்கில் ஒரு வரி மட்டும் இருபத்தொன்பது ஆண்டுகளாக என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. எரிபொருளும் விளக்கும் ‘இதர’ என்ற சொல்லோடு ஒரே கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் வரி அது. பேரேடு எழுதியவர்களுக்குத் தெரியும், ‘இதர’ என்பது எதைப் பற்றி யோசிக்க நமக்கு நேரம் இல்லையோ அதைப் போட்டு வைக்கும் இடம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சாலை வழியே முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் அந்தத் தூரத்துக்குள் நிலம் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே ஏறிவிடுகிறது. கீழே 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் எங்கள் உயரத்தில் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கொதிப்பது முந்திக்கொள்வதால் வேலை முடிந்துவிட்டது என்று பொருளில்லை. சூடு குறைவாக இருப்பதால் அரிசி வேகவும் பருப்பு குழையவும் அதிக நேரம் பிடிக்கிறது. திறந்த பானையில் துவரம் பருப்பை வேகவைக்க இங்கே யாரும் முயல மாட்டார்கள். குக்கர் இல்லாத வீட்டில் பருப்புக் குழம்பு இல்லை. ஆக, உங்கள் அட்டவணை கேட்கும் அதே 2,700 கலோரியைச் சோறாக்கித் தட்டில் வைக்க, கீழ்நாட்டு வீட்டை விட இங்கே அடுப்பு அதிக நேரம் எரிந்தாக வேண்டும். உணவு என்ற தலைப்பில் நீங்கள் ஒப்புக்கொண்ட தேவை, எரிபொருள் என்ற தலைப்பில் ஒப்புக்கொள்ளப்படாமல் அரைவேக்காட்டில் நிற்கிறது.

சமையல் ஒரு பங்குதான். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் பைப்பைத் திறந்தால் வரும் தண்ணீரில் விரல் வைக்க முடியாது. புற்களின் மேல் உப்பைத் தூவியதுபோல் உறைபனி கிடக்கும். பள்ளமான இடங்களில் கொழுந்து கருகிப்போகும். அந்த நேரத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்ப வெந்நீர் வேண்டும், முதியவர் கைகால் கழுவ வெந்நீர் வேண்டும், குடிக்கவும் வெந்நீர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று நாள், நான்கு நாள் வெயில் முகம் காட்டாது. இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு பகல் முழுவதும் நனைந்த செடிக்குள் நின்றவர், மாலையில் கழற்றிய துணியை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுகிறார். அது காயவில்லை என்றால் மறுநாள் ஈரத்தையே உடுத்திக்கொண்டு மலை ஏற வேண்டும். ஆண்டுக்கு 66 மீட்டர் துணி போதுமா என்று விவாதிக்கலாம்; அந்தத் துணியைக் காயவைக்கும் நெருப்பை எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று நான் கேட்கிறேன்.

என் தங்கையின் மருமகள் கொழுந்து பறிக்கப் போகிறவள். வீட்டில் அவள், கணவன், இரண்டு பிள்ளைகள், என் தங்கை என்று ஐந்து பேர். கேஸ் சிலிண்டர் மாற்றும் நாளை அவள் சுவரில் தொங்கும் காலண்டரில் பேனாவால் வட்டமிட்டு வைப்பாள். சென்ற ஆண்டுக் காலண்டரை நான் கேட்டு வாங்கி வந்து பார்த்தேன். சித்திரை, வைகாசியில் ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நாற்பத்தொரு நாள். மார்கழியில் இருபத்துமூன்று நாள். அந்த இருபத்துமூன்று நாளும் விறகடுப்பையும் சேர்த்து எரித்த பிறகுதான். அதே வீடு, அதே ஐந்து பேர், அதே 14.2 கிலோ சிலிண்டர். விழுக்காட்டுக் கணக்குக்கு மாதம் தெரியாது, உயரமும் தெரியாது.

விறகு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கவ்வாத்து வெட்டும் காலத்தில் தேயிலைச் சுள்ளி கிடைக்கும். மற்ற மாதங்களில் தோட்டத்தின் எல்லையைத் தாண்டிக் கற்பூர மரத்தடியிலும் சோலையின் ஓரத்திலும் பொறுக்கி வர வேண்டும். சட்டம் தரும் வார ஓய்வு இங்கே ஞாயிற்றுக்கிழமை. லைன் வீட்டுப் பெண்களுக்கு அது விறகு நாள். காட்டெருமை நிற்கும் வளைவு எது, கரடி இறங்கும் ஓடை எது என்று கேட்டுக்கொண்டு நான்கைந்து பேராகத்தான் போவார்கள். மதியத்துக்குள் ஒரு கட்டு. தலையில் அதைச் சுமந்து மேடேறி வரும் நேரமும் மூச்சும் எந்தச் செக்ரோலிலும் ஏறியதில்லை. நானே எழுதியவன், எனக்குத் தெரியும். கணக்கில் வராத தேவை காணாமல் போய்விடுவதில்லை. வேறு யாரோ ஒருவர் பேரில் பற்று எழுதப்படுகிறது. இந்த மலையில் அது பெரும்பாலும் பெண்களின் ஞாயிற்றுக்கிழமையிலும், சில வீடுகளில் குழந்தைகளின் பள்ளி நாளிலும், இன்னும் சில வீடுகளில் இரவுச் சோற்றிலும் எழுதப்பட்டது.

என் தம்பிக்கு ஆறு வயது இருக்கும்போது மூச்சிழுப்பு வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கிருந்தவர் மருந்து கொடுத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில், ‘குளிர் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர், சரியாகத்தான் எழுதினார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சீட்டை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார், படித்தேன். அன்று எங்கள் வீட்டில் ஆறு பேருக்கு இரண்டு கம்பளி. “இதை எந்தக் கடையில போய் வாங்குறது?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு தம்பி அடுப்புக்கு அருகில் படுத்தான், அம்மா வாசற்படியை ஒட்டிப் படுத்தார். அடுப்படியின் புகை அவன் இழுப்புக்கு நல்லதில்லை என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தச் சீட்டு பல ஆண்டுகள் அம்மாவின் சுருக்குப் பையில் வெற்றிலையோடு கிடந்தது. மருத்துவம் தேவை என்று எழுதிக் கொடுத்த ஒன்றை ஊதியக் கணக்கு தேவை என்று எழுதவில்லை. எங்கள் குடும்பத்தின் பல இரவுகள் அந்த இரண்டு தாள்களுக்கும் நடுவில்தான் கழிந்தன.

குளிரைத் தேவையாகக் கருதுவது புதிய யோசனை அல்ல என்பதையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 17-ஆவது பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை வழங்கச் செய்யும் விதிகளை மாநில அரசு வகுக்கலாம் என்றது. நாடு விடுதலை பெற்று நான்கே ஆண்டுகளில் ஒரு சட்டம் கம்பளியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஆனால் அச்சட்டம் 5 எக்டேரும் 15 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களுக்குத்தான் பொருந்தியது. பக்கத்து மேட்டில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியிடம் கூலிக்குப் பறிக்கப் போகிற பெண்ணுக்கும் அதே பனிதான் பெய்கிறது.

தமிழ்நாடு அரசும் தன் ஊழியர்கள் விஷயத்தில் இதை நெடுங்காலமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. உதகையிலோ கொடைக்கானலிலோ பணியாற்றும் எழுத்தருக்கும் ஆசிரியருக்கும் சம்பளத்தோடு மலைப்படியும் குளிர்காலப் படியும் உண்டு. அது நியாயம், அவர்களில் ஒருவருக்கும் அது குறையக் கூடாது. சமவெளியிலிருந்து இங்கே மாற்றலாகி வருபவருக்குக் குளிர் ஒரு தேவையை உண்டாக்குகிறது என்று அரசு உணர்ந்திருக்கிறது என்றால், இங்கேயே பிறந்து நனைந்தபடி வேலை செய்பவருக்கு உடம்பு பழகிவிட்டது என்று எப்படி எண்ணிக்கொள்கிறோம்? பழகிவிட்டது என்ற வார்த்தையை நான் அலுவலக அறைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்வதையும் தேவையில்லாமல் இருப்பதையும் ஒன்றாக எண்ணும் பிழை அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது.

சட்டத்தில் உங்களுக்கு வழியும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம், குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும்போது தொழிலாளரின் திறனையோ நிலப்பகுதியையோ இரண்டையுமோ முதன்மையாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. சாதாரணமாகத் தாங்கக் கடினமான வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கூடுதலாகக் கருதலாம் என்கிறது. வெப்பநிலை என்றால் கொதிகலன் அறையின் சூடு மட்டும்தானா? தை மாதக் காலை ஏழு மணிக்குப் பனித்துளி நிற்கும் செடியில் வெறுங்கை வைப்பதும் வெப்பநிலைதான். மத்திய வரைவு விதிகள் நிலப்பகுதியைப் பெருநகரம், பெருநகரம் அல்லாத பகுதி, கிராமம் என்று மூன்றாகப் பிரித்தன. மலை என்று ஒரு பகுதி அதில் இல்லை. மாநில அளவில் பரிந்துரை செய்யும் நீங்கள் அதைச் சேர்க்கலாம். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு விலை சேகரிக்கும் மையங்களில் குன்னூர் நெடுங்காலமாக ஒன்றாக இருந்துவருகிறது. எங்கள் ஊருக்கெனத் தனியாக விலையைக் குறித்துக்கொள்ள முடிகிறபோது, தேவையையும் தனியாகக் குறிப்பது முடியாத காரியமாக இருக்காது.

இனி, நேரில் கேட்டு அறிவது பற்றி ஒரு சொல். குழு மலைக்கு வரும். தொழிலாளர்களை அழைத்து, என்ன தேவை என்று கேட்கும். நான் பணியில் இருந்தபோது அப்படி ஒரு விசாரணைக்குப் படிவத்தோடு வந்தவர்களுக்கு உதவியாக லைன் லைனாகப் போயிருக்கிறேன். அடுப்பின் முன் குந்தியிருந்த ஒரு மூதாட்டியிடம், “உங்களுக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்டார்கள். அவர் எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “ஒண்ணும் வேண்டாங்க சாமி, நல்லாத்தான் இருக்கோம்” என்றார். படிவத்தில் ‘தேவை இல்லை’ என்று எழுதப்பட்டது. அந்த வீட்டின் கூரைத் தகரம் ஒரு மூலையில் துருப்பிடித்து உதிர்ந்து, கீழே அலுமினியக் குண்டான் வைத்திருந்ததை நான் பார்த்தேன். கேள்வி கேட்டவரும் பார்த்தார். ஆனால் அதை எழுதக் கட்டம் இல்லை.

நம் மொழியில் வேண்டும் என்ற ஒரே சொல் ஆசையையும் சொல்லும், தேவையையும் சொல்லும், கடமையையும் சொல்லும். ஜிலேபி வேண்டும், தண்ணீர் வேண்டும், வரி கட்ட வேண்டும். எது எந்த வேண்டும் என்பது சொல்லில் தெரியாது, சொல்பவரின் வாழ்க்கையைப் பார்த்தால்தான் தெரியும். காலமெல்லாம் கேட்டும் கிடைக்காதவர், கேட்பதே பேராசை என்று தன்னைப் பழக்கிக்கொள்கிறார். கேட்டுப் பெற்றுப் பழகியவரோ தன் ஆசையையும் தேவையாகச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஆகவே வாய்வழிக் கேள்வியை மட்டும் நம்பித் தேவையை அளக்காதீர்கள் என்று மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு லைன் வாசலில் சற்று நேரம் நின்றால் போதும். எந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறது, எதில் வரவில்லை என்பதே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.

ஒருவரின் ஊதியம் எத்தனை பேரின் தேவையைத் தாங்க வேண்டும் என்று எண்ணும் குடும்ப அலகு என்ற கணக்கைப் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6, ஆக மொத்தம் 3. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். முதுகில் கூடையோடு சரிவில் ஏறி இறங்கி, நிறுவைக்குச் சுமந்து வந்து, பிறகு வீட்டில் விறகும் தண்ணீரும் சுமப்பவரின் உணவுத் தேவை, வேலை செய்யும் ஆணின் தேவையில் ஐந்தில் நான்கு பங்கு என்று இந்த மலையைப் பார்த்தவர் எழுதியிருக்க மாட்டார். வயதான தாய் தந்தைக்கு அந்த மூன்று அலகில் இடமே இல்லை. என் தங்கை அந்த வீட்டின் ஐந்தாவது ஆள். அவள் சாப்பிடும் சோறு கணக்கின்படி யாருடையது? மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு ஒன்று, 2019-இல் தந்த அறிக்கையில், குடும்ப அலகை 3-லிருந்து 3.6 ஆக உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. (அதே குழு கலோரியை 2,400 ஆகக் குறைத்ததை நான் ஏற்கவில்லை; சமவெளி வேலையை மனத்தில் வைத்து எழுதியதாகவே அது எனக்குத் தோன்றுகிறது.) அடுத்த ஆண்டு வந்த வரைவு விதிகள் மறுபடியும் 3-க்கே திரும்பிவிட்டன.

உணவு, உடை, உறைவிடம் தவிர மற்றதெல்லாம் ஆடம்பரம் என்று சொல்பவர்கள் உங்கள் முன் வந்து பேசக்கூடும். லைன் வீட்டில் டிவி இருக்கிறது, செல்போன் இருக்கிறது, மாரியம்மன் திருவிழாவுக்குக் கடன் வாங்கிச் செலவழிக்கிறார்கள், இவர்களுக்கு என்ன குறை என்பார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், திருவிழா உள்ளிட்ட எளிய பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்ச ஊதியத்தில் 25 விழுக்காடு சேர வேண்டும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் ஏழை வீட்டின் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்றே நான் நினைத்துக்கொள்வேன். எங்கள் லைனில் ஒருவர், கையில் காசில்லாததால் சொந்த அக்காள் மகளின் கல்யாணத்துக்குத் திருப்பூர் போகவில்லை. மொய் எழுத முடியாமல் போய் நிற்பதைவிட, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று எண்ணினார். அடுத்த ஆண்டு அவர் மனைவி இறந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. உறவில் கோடித் துணி போட ஆளில்லாமல் லைன்காரர்களே துணி வாங்கிப் போட்டார்கள். ஒருவர் நாலு பேர் நடுவில் நாலு பேரைப் போல நிற்பதற்கு ஆகும் செலவும் சோற்றைப் போன்ற தேவைதான். செல்போனைப் பற்றி ஒன்று மட்டும்: 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடம் அதில்தான் வந்தது, சிக்னல் கிடைக்கும் பாறை மேல் நனைந்தபடி உட்கார்ந்து பிள்ளைகள் படித்தார்கள்.

தோட்ட நிர்வாகங்கள் தங்கள் கஷ்டத்தையும் சொல்வார்கள், அது பொய்யில்லை. குன்னூர் ஏலத்தில் தேயிலை என்ன விலைக்குப் போயிற்று என்பதை வாராவாரம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டுச் சிறு விவசாயிகள் பலமுறை உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். அவர்களில் என் உறவினர்களும் உண்டு. கொழுந்து விற்ற பணம் பறிகூலிக்கே பற்றாத மாதங்களை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒருவருக்கு எவ்வளவு தேவை என்பது ஒரு கேள்வி, அதை யார் எப்படிக் கொடுப்பது என்பது வேறு கேள்வி. துணி போதவில்லை என்பதற்காக முழக்கோலை வெட்டிச் சிறிதாக்கும் தையற்காரர் இல்லை. குறைந்தபட்ச ஊதியத்தைக்கூடக் கொடுக்க இயலாத தொழிலுக்கு நிலைத்திருக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறது. அந்த அளவுக்குக் கடுமையாக நான் பேச விரும்பவில்லை, ஏனென்றால் தோட்டம் மூடினால் முதலில் அணைவது எங்கள் அடுப்புதான். தேவையை அதன் உண்மை அளவில் முதலில் எழுதுங்கள். பற்றாக்குறை எவ்வளவு என்று எல்லோர் கண்ணிலும் படட்டும். அதை ஏல விலை, அரசு மானியம், தோட்ட நிர்வாகம் ஆகியவற்றில் எது எவ்வளவு ஏற்பது என்பதை அடுத்து உட்கார்ந்து பேசலாம். தேவையையே குறைத்து எழுதிவிட்டால் பற்றாக்குறை தாளில் மறைந்துபோகும், பேச ஒன்றும் இருக்காது.

உங்கள் பரிந்துரையில் மலைத் தோட்டங்களுக்கு எரிபொருள் என்ற ஒரு தனித் தலைப்பு வேண்டும் என்பதே என் முதன்மையான கோரிக்கை. சமையல், வெந்நீர், துணி உலர்த்தல், குளிர்காய்தல் ஆகிய நான்கையும் பெயர் சொல்லி எழுதுங்கள். குளிர்காலத்துக்கும் மற்ற மாதங்களுக்கும் தனித்தனி அளவு எடுங்கள். விறகு பொறுக்கப் போகும் நேரத்தை இலவசம் என்று எண்ணாமல், அதற்கும் ஒரு மதிப்பைக் குறியுங்கள். ஊதிய ஆலோசனை வாரியத்தில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; அவர்களில் ஒருவராவது அடுப்பூதிப் பழகியவராக இருந்தால் இந்தத் தலைப்பை எழுத என் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

என் தங்கை வீட்டுக் காலண்டரின் பன்னிரண்டு தாள்களையும், எங்கள் லைனில் இன்னும் இரண்டு வீடுகளில் கேட்டு எழுதிய ஓராண்டு எரிபொருள் கணக்கையும் நகலெடுத்து இம்மடலோடு தனியே உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். செக்ரோல் எழுதிய அதே முறையில், தேதி வாரியாக, கூட்டல் சரிபார்த்து எழுதியிருக்கிறேன். கடைசிப் பத்தியில் ‘இதர’ என்ற தலைப்பு ஒன்றும் போடவில்லை; அந்த இடத்தில் வந்தவற்றை எல்லாம் அவற்றின் பெயரிலேயே எழுதியிருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற செக்ரோல் எழுத்தர்,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.